மருந்தும் மூன்று நாளா?
காசநோய் மருந்துகளின் வரலாறு

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பது நம்மவர் நாவில் பழகிப்போன மொழி. விருந்தைப் பொறுத்தவரை அது பொன்மொழியே. மருந்தைப் பொறுத்தவரை அம்மொழி எத்தனையோ குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியிருக்கிறது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்துவதும், எஞ்சியதை அடுக்களை அலமாரியில் பத்திரப்படுத்தி அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதும், ஊரிலிருந்து வருபவரிடம் “முன்பு கேட்ட அதே மருந்து” என்று சொல்லி அனுப்புவதும் நம் காலனியில் இன்றும் நடப்பவைதாம். இவற்றால் விளையும் கேடு எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் காசநோய் மருந்துகளின் வரலாற்றைப் படித்தால் போதும். அவ்வரலாற்றின் முக்கியமான ஓர் அதிகாரம் நம் சென்னை மாநகரிலேயே எழுதப்பட்டது என்பதால், தமிழ்ச் சங்க ஆண்டு மலரில் அதனைச் சொல்வது பொருத்தமாகும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

மருந்தில்லாக் காலம்

காசநோய் மிகத் தொன்மையானது. நம் முன்னோர் அதனைச் சயம் என்றும், எலும்புருக்கி என்றும் வழங்கினர். உடலை நாளுக்கு நாள் உருக்கி அழிப்பதால் அப்பெயர் பெற்றது. இந்நோய் பரம்பரையாக வருவது என்றும், முன்வினைப் பயன் என்றும் மக்கள் நம்பியிருந்த காலத்தில், 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், ஜெர்மனி நாட்டு மருத்துவ அறிஞர் இராபர்ட் காக் என்பார், அதற்குக் காரணம் கண்ணுக்குப் புலனாகாத ஒரு கிருமியே என்று பெர்லின் நகரில் மெய்ப்பித்துக் காட்டினார்.

பகைவன் யார் என்பது தெரிந்தது. பகைவனை வெல்லும் படைக்கலம் மட்டும் கிடைக்கவில்லை. அதற்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு என்பவையே சிகிச்சையாக இருந்தன. இதற்காக ஊருக்குப் புறம்பே சானடோரியங்கள் எழுந்தன. டாக்டர் டேவிட் சவுரிமுத்து அவர்கள் 1928ஆம் ஆண்டில் தாம்பரத்தில் நிறுவிய சானடோரியம் அவற்றுள் ஒன்று. இன்றும் அவ்விடத்து இரயில் நிலையத்திற்குத் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். அத்தகைய இல்லங்களுக்குச் சென்றவர்களுள் நலம் பெற்றுத் திரும்பியோரும் உண்டு, திரும்பாதோரும் பலர். இடம் கிடைக்காமல் வாயிலோடு திரும்பியவர்கள் அவர்களினும் பலர்.

பூஞ்சையில் பிறந்த மருந்து

1928ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய அலெக்சாண்டர் பிளெமிங், தாம் கிருமி வளர்த்து வைத்திருந்த கண்ணாடித் தட்டொன்றில் பூஞ்சை படர்ந்திருப்பதையும், அதனைச் சுற்றிக் கிருமிகள் கரைந்து போயிருப்பதையும் கண்டார். பழைய சோற்றிலும் ஊறுகாயிலும் பூஞ்சை பூப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம், கண்டு எறிந்துவிடுகிறோம். அவர் எறியவில்லை. அப்பூஞ்சை சுரந்த பொருளுக்குப் பெனிசிலின் என்று பெயரிட்டார். ஆயினும் அதனைத் தனியே பிரித்தெடுக்க அவரால் இயலவில்லை.

அப்பணியை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் புளோரி, செயின், ஹீட்லி என்னும் அறிஞர்கள் மேற்கொண்டனர். 1940ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் நாள், எட்டு எலிகளுக்குக் கொடிய கிருமிகளை ஊசியால் ஏற்றி, அவற்றுள் நான்கிற்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். மருந்து பெறாத நான்கும் மறுநாள் விடியுமுன் மாண்டன, பெற்றவை பிழைத்தன. 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் போலீஸ்காரருக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. முகத்திலும் கண்ணிலும் சீழ் பிடித்து மரணத் தறுவாயில் இருந்த அவர், சில நாட்களில் எழுந்து உணவு உட்கொள்ளும் அளவிற்குத் தேறினார். ஆனால் உலகில் அன்றிருந்த பெனிசிலின் முழுவதும் அதற்குள் தீர்ந்துவிட்டது. அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தை மீண்டும் பிரித்தெடுத்துக் கொடுத்தும் போதவில்லை. நோய் திரும்பியது, மார்ச் மாதம் அவர் இறந்தார். பாதியில் நின்ற மருந்து நோயை வெல்லாது என்னும் பாடம் முதல் நோயாளியிடத்திலேயே உலகிற்குக் கிடைத்தது.

மற்றொரு செய்தியும் குறிக்கத்தக்கது. பெனிசிலின் மக்களுக்குப் பயன்படத் தொடங்கு முன்பே, 1940ஆம் ஆண்டிலேயே, அதனைச் சிதைக்க வல்ல ஒரு பொருளைச் சில கிருமிகள் சுரக்கின்றன என்பதை ஆபிரகாம், செயின் இருவரும் கண்டு வெளியிட்டனர். பூட்டு செய்வதற்கு முன்பே கள்ளச்சாவி இருந்தது என்க. 1945இல் நோபல் பரிசு பெற்றபோது பிளெமிங் ஆற்றிய சொற்பொழிவிலும் இவ்வச்சம் ஒலித்தது. தொண்டைப் புண் வந்த ஒருவர் தாமாகவே மருந்து வாங்கிப் போதாத அளவில் உண்டு கிருமிகளைப் பழக்கிவிடுவதாகவும், அக்கிருமிகள் அவர் மனைவியைப் பற்றிக்கொள்ள, அவ்வம்மையாருக்கு மருந்து பலிக்காமற் போய் உயிர் பிரிவதாகவும் ஒரு கற்பனைக் கதையை அவர் எடுத்துரைத்தார். அக்கதை எத்தனை வீடுகளில் பின்னர் உண்மையாயிற்று!

ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது

பெனிசிலின் காசநோய்க் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அதற்கு மருந்து மண்ணிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் வாக்ஸ்மன் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் மாணவர் 1943ஆம் ஆண்டில் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. மாணவர் பெயர் நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

நம் நாட்டவர் ஒருவரையும் இங்கு நினைவு கூர வேண்டும். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள் தலைமை வகித்த ஆய்வுக் குழுவினிடமிருந்தே டெட்ராசைக்கிளின் இனத்தின் முதல் மருந்தாகிய ஆரியோமைசின் 1948இல் வெளிவந்தது. அவ்வாண்டே அவர் மறைந்தார்.

ஸ்ட்ரெப்டோமைசினின் திறத்தை அறிய இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு சோதனை நடத்தி, 1948இல் முடிவை வெளியிட்டது. நோயாளிகள் 107 பேர். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றோரில் 4 பேரும், பெறாதோரில் 14 பேரும் இறந்தனர். உலகம் மகிழ்ந்தது. ஆனால் ஐந்தாண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் மாண்டிருந்தனர். முதலில் இருந்த வேற்றுமை பெரும்பாலும் மறைந்துவிட்டது. காரணம் யாதெனில், மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பெரும்பாலோர் உடலிலிருந்த கிருமிகள் அம்மருந்துக்கு அஞ்சாதவை ஆகிவிட்டன. முதலில் தேறிய உடல் மீண்டும் சரிந்தது.

கிருமி எவ்வாறு எதிர்ப்பாற்றல் பெறுகிறது?

மருந்தைக் கண்ட கிருமி அதனை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது என்று பேச்சு வழக்கில் சொல்கிறோம். உண்மை அதனின் வேறானது. கிருமிகள் பெருகும்போது தற்செயலாகச் சிற்சில மாறுதல்களோடு சில பிறக்கின்றன. மருந்தை ஒருபோதும் காணாத கிருமிக் கூட்டத்திலும் அதனைத் தாங்க வல்லவை ஒன்றிரண்டு முன்பே இருக்கும். 1943இல் லூரியா, டெல்புரூக் என்போரும், 1952இல் லெடர்பர்க் தம்பதியரும் செய்த சோதனைகள் இதனை ஐயமற நிறுவின. மருந்து எதிர்ப்பாற்றலைப் படைப்பதில்லை, தேர்ந்தெடுக்கிறது. வயலில் நெற்பயிரை அழித்துவிட்டுக் களையை மட்டும் விட்டுவைத்தால் அடுத்த பருவத்தில் வயல் முழுதும் களையே நிற்பதைப் போல, வலியற்ற கிருமிகள் மாண்டபின் தாங்கும் கிருமிகளே பல்கிப் பெருகுகின்றன.

அவை தாங்கும் வழிகள் பல. மருந்தைச் சிதைக்கும் பொருளைச் சுரப்பது ஒரு வழி. உள்ளே புகுந்த மருந்தை வெளியேற்றுவது மற்றொன்று. மருந்து வந்து பற்றும் இடத்தின் உருவத்தையே மாற்றிக்கொள்வது வேறொன்று. ஐசோனியாசிட் என்னும் காசநோய் மருந்தின் கதை விந்தையானது. கிருமியின் உள்ளேயிருக்கும் ஒரு நொதியே அதனைக் கொல்லும் நஞ்சாக மாற்றுகிறது. அந்நொதி பழுதுற்றுப் பிறந்த கிருமியை அம்மருந்து ஒன்றும் செய்வதில்லை.

சரக்கு ஆபீஸில் கணக்கு எழுதிப் பழகிய எனக்கு, இதனை எண்ணால் சொன்னாலே மனத்தில் பதிகிறது. நுரையீரலில் குழி விழுந்த ஒருவரிடம் ஏறத்தாழ 10 கோடி கிருமிகள் இருக்கின்றன எனக் கொள்வோம். ஐசோனியாசிடைத் தாங்கும் கிருமி 10 லட்சத்தில் ஒன்று எனக் கொண்டால், அவரிடம் அத்தகையவை 100 இருக்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் அந்த 100 கிருமிகளும் தனியரசு செலுத்தும். அதே அளவில் இரண்டாவது மருந்தையும் தாங்கும் கிருமி 10 லட்சத்தில் ஒன்றெனின், இரண்டையும் ஒருங்கே தாங்குவது லட்சம் கோடியில் ஒன்றாகும். அவ்வளவு கிருமிகள் அவர் உடலில் இல்லை. ஆகவே இரண்டு மருந்துகளை ஒருசேரக் கொடுத்தால் தப்பிப் பிழைக்கும் கிருமி அநேகமாக இராது. ஒன்றை இம்மாதமும் மற்றொன்றை அடுத்த மாதமும் கொடுத்தாலோ, இரண்டும் வீணே.

இக்கணக்கு ஏட்டோடு நிற்கவில்லை. ஸ்வீடன் நாட்டு லேமான் கண்டளித்த பாஸ் என்னும் மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினுடன் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பாற்றல் தோன்றுவது பெரிதும் குறைந்தது என்பதை 1950இல் வெளியான ஆய்வு காட்டியது. 1952இல் விலை குறைந்த ஐசோனியாசிட் மாத்திரை வந்தது. காசநோய்க்குத் தனி மருந்து கொடுக்கலாகாது, கூட்டு மருந்தே கொடுக்க வேண்டும் என்பது அதுமுதல் நிலைபெற்ற விதியாயிற்று.

சென்னை உலகிற்குச் சொன்ன செய்தி

மருந்து கிடைத்தது. ஆனால் இந்தியாவில் நோயாளிகள் பல லட்சம். சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவே. எல்லோரையும் படுக்க வைத்துச் சிகிச்சை செய்வது நடவாத காரியம். வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடைய இயலுமா, வீட்டாருக்குத் தொற்றாதா என்னும் வினாக்களுக்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடி நடத்திய நிலையம் அது. டாக்டர் வாலஸ் பாக்ஸ் அதன் முதல் தலைவர்.

சென்னையின் ஏழை எளிய குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர் சானடோரியம் சென்றனர். மற்றப் பிரிவினர் நெருக்கடி மிக்க தங்கள் சிறு வீடுகளிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஐசோனியாசிடும் பாஸும் ஓராண்டு கொடுக்கப்பட்டன. சானடோரியத்தில் இருந்தோர்க்கு உணவும் ஓய்வும் மேலாக அமைந்தன. 1959இல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு இறுதியில் நோய் அடங்கியோர் சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் நூற்றுக்கு 86 பேர். வீட்டில் இருந்த நோயாளிகளால் அவர்தம் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவும் இல்லை. ஒழுங்காக உண்ட மருந்தே காக்கிறது. மலைக்காற்றும் மதில் சூழ்ந்த கட்டடமும் அல்ல என்பதை உலகம் சென்னையிடமிருந்து அறிந்துகொண்டது. நோயாளியை வீட்டை விட்டு விலக்கும் கொடுமைக்கு முடிவு கட்டிய ஆய்வு என்று இதனைப் போற்றலாம்.

அவ்வாய்வு மற்றொன்றையும் கண்டது. மருந்தை வீட்டிற்குக் கொண்டுபோனவர் யாவரும் உண்பதில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்தும், சிறுநீரைச் சோதித்தும் இதனை அறிந்தார்கள். இருமல் நின்று, உடல் தேறி, வேலைக்குப் போகத் தொடங்கியதும் மருந்து கசக்கிறது. இது மனித இயல்பு. ஆகவே வாரம் இருமுறை நோயாளி நிலையத்திற்கு வந்து, ஊழியர் கண்ணெதிரே மருந்துண்ணும் முறையை அங்கேயே சோதித்து, 1964இல் அதன் வெற்றியை வெளியிட்டனர். பின்னாளில் உலகெங்கும் டாட்ஸ் என்று பெயர் பெற்ற திட்டத்தின் வித்துக்களுள் ஒன்று இதுவே. சேத்துப்பட்டிலுள்ள அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்குகிறது.

ஒன்றிடமிருந்து ஒன்றுக்கு

பிற கிருமிகளின் செய்தி இதனினும் கவலை தருவது. காசநோய்க் கிருமியின் எதிர்ப்பாற்றல் அதன் வழித்தோன்றல்களுக்கு மட்டுமே செல்லும். வேறு பல கிருமிகளோ தம்மிடமுள்ள எதிர்ப்பாற்றலை அயற்கிருமிகளுக்கும் ஈயவல்லன. ஓடும் வண்டியிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றி வேறொரு வண்டியில் மாட்டினால் எப்படியோ, அப்படி. ஜப்பானில் 1950களில் பரவிய சீதபேதிக் கிருமிகள் நான்கு மருந்துகளை ஒரே சமயத்தில் எதிர்த்தன. அவ்வாற்றல் குடலில் வாழும் வேறு கிருமிகளிடமிருந்து மொத்தமாக மாறி வரக்கூடியது என்பதை 1959இல் ஜப்பானிய அறிஞர்கள் காட்டினர். டைபாயிடுக்குக் கைகண்ட மருந்தாயிருந்த குளோரம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாயிடு 1972இல் கோழிக்கோட்டில் கண்டறியப்பட்டது. அவ்வெதிர்ப்பாற்றலும் மாறிச் செல்லும் தன்மையதே. கால்நடைத் தீவனத்தில் மருந்து கலப்பதும் இக்கேட்டை வளர்க்கிறது. அதனால்தான் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது.

இன்றைய நிலை

1960களின் பிற்பகுதியில் ரிபாம்பிசின் என்னும் அரிய மருந்து பயனுக்கு வந்தது. ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு என்றிருந்த சிகிச்சை ஆறு மாதமாகக் குறைந்தது. இன்று நம் நாட்டில் சாதாரணக் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் அரசினரால் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஏன் ஆறு மாதம்? மற்றக் கிருமிகள் பல அரை மணி நேரத்திற்குள் ஒன்று இரண்டாகப் பெருகும். காசநோய்க் கிருமிக்கோ ஏறத்தாழ ஒரு நாள் ஆகிறது. சில கிருமிகள் உறங்குவன போல் அடங்கிக் கிடக்கும். அவை விழித்தெழுந்து மாளும் வரை மருந்து காவல் இருக்க வேண்டும். நோயாளி நலம் பெற்றதாக உணர்வது இரண்டாம் மாதம். நோய் முற்றும் நீங்குவது ஆறாம் மாதம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நான்கு மாதமே ஆபத்தான காலம்.

அக்காலத்தில் மருந்தை விட்டோராலும், தவறாக எழுதித் தந்தோராலும், தரக்குறைவான மருந்தாலும், ஐசோனியாசிட், ரிபாம்பிசின் இரண்டிற்கும் அடங்காத காசநோய் தோன்றிற்று. 2006இல் தென்னாப்பிரிக்காவில் டுகேலா பெர்ரி என்னும் சிற்றூரில், இன்னும் பல மருந்துகளுக்கும் அடங்காத நோயுற்ற 53 பேரைப் பற்றிய செய்தி வெளிவந்தது. அவர்களுள் 52 பேர் மாண்டனர். இத்தகைய நோய் நோயாளியோடு நிற்பதில்லை. அவர் இருமும்போது எதிர்ப்பாற்றல் பெற்ற கிருமியே காற்றில் பரவுகிறது. ஒரு மாத்திரையையும் தவற விடாத குழந்தைக்கும் அது தொற்றும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ரிபாம்பிசினுக்குக் கிருமி அடங்குமா என்பதை இரண்டு மணி நேரத்தில் சொல்லும் சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஏற்றுக்கொண்டது. 2012இல் பெடாகுலின் என்னும் புதிய மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முன்பு இரண்டு ஆண்டு வரை நீண்ட கடுஞ்சிகிச்சை இப்போது பலருக்கு ஆறு மாதத்தில் முடிகிறது. ஆயினும் உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர் என்பதை மறத்தற்கில்லை. எல்லாக் கிருமிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், மருந்துக்கு அடங்காமையால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்று அறிஞர் மதிப்பிட்டுள்ளனர்.

நாம் செய்யத்தக்கவை

பிழைப்பின் பொருட்டுத் தாய்நாடு விட்டு வந்தவர்கள் நாம். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டுகிறோம். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போகிறோம். மருந்து தவறுவது பெரும்பாலும் இப்பயணங்களில்தான். காசநோய்க்கு மருந்துண்போர் எந்த ஊருக்குச் சென்றாலும் அங்குள்ள அரசு மருத்துவ நிலையத்திற்குச் சிகிச்சையை மாற்றித் தரும் ஏற்பாடு இன்று உண்டு. புறப்படு முன் சொல்லிக் கேட்டுப் பெறுவதே நம் கடமை.

அடுத்தது, மறைத்தல். பெண்ணுக்கு வரன் அமையாது, அண்டை வீட்டார் பேசமாட்டார் என்று அஞ்சி இருமலை மறைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழியவில்லை. இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்தறிவதில் இழிவொன்றும் இல்லை. முறையாக மருந்துண்போரால் பிறருக்குத் தொற்றும் நிலை விரைவில் நீங்குகிறது. மறைப்பவரால்தான் நோய் பரவுகிறது.

உணவையும் மறவாதிருப்போம். உணவு மருந்துக்கு மாற்று ஆகாது எனச் சென்னை ஆய்வு காட்டியது. ஆயின் நல்லுணவு நோயைத் தடுக்கும் என்பதனை, ஜார்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு உணவுப்பொருள் அளித்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு காட்டியுள்ளது. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் காண்பது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. நோயுற்ற வீட்டிற்குப் பருப்பும் பாலும் கொடுத்துதவுவது சிறந்த அறம்.

ஏனைய நோய்களுக்கும் விதி ஒன்றே. சாதாரணச் சளிக்கும் ஜலதோஷத்திற்கும் காரணம் வைரஸ். அவற்றை இம்மருந்துகள் ஒன்றும் செய்யா. அட்டையில் சிவப்புக் கோடு போட்ட மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி வாங்கலாகாது. சில நோய்க்கு மூன்று நாள் மருந்தே போதுமானது. சில நோய்க்கு ஆறு மாதம் வேண்டும். அதனை முடிவு செய்பவர் மருத்துவர், பழமொழி அன்று. அவர் குறித்த நாளைக் குறைத்தலும் தவறு. தாமாக நீட்டித்தலும் தவறு. எஞ்சிய மாத்திரையை எவருக்கும் தானம் செய்யற்க.

நம் பெரியோர் வேறொரு மொழியும் சொல்லி வைத்தனர்: நோயும் நெருப்பும் பகையும் கடனும் மிச்சம் வைக்கலாகாது என்று. மருந்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய பழமொழி இதுவே.